பிளிண்டர்ஸ் மலைக்குக் கிளம்பும் அடிலெய்ட் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அடிலெய்ட் தமிழ்ச் சொந்தங்களுக்கு,

வணக்கம். ஜூலைப் பள்ளி விடுமுறை நெருங்குகிறது. வாட்ஸப் குழுக்களில் "இந்தத் தடவை பிளிண்டர்ஸ் போகலாமா?" என்ற பேச்சு ஆரம்பித்துவிட்டது. ஆறு கார், இருபது இருபத்தைந்து பேர், ரைஸ் குக்கர், ஐஸ் பெட்டிக்குள் இட்லி மாவு என்று நாம் போகிற விதம் எல்லோருக்கும் தெரியும். அதில் குறை சொல்ல நான் வரவில்லை. ஐந்து மணி நேரம் வடக்கே ஓட்டிப் போய், அந்தச் சிவந்த மலைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது நல்ல காரியம். அங்கே வாழும் ஓர் உயிரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், அதற்காக ஒரு வேண்டுகோளும் வைக்க வேண்டும். அதனால்தான் இந்த மடல்.

கங்காரு வகையைச் சேர்ந்த சிறிய விலங்கான மஞ்சள்கால் பாறை வாலபியைச் சொல்கிறேன். அந்த மண்ணின் மக்களான அட்னியமத்னா இனத்தார் அதை 'அண்டு' என்பார்கள். அட்னியமத்னா என்ற பெயருக்கே பாறை மக்கள், மலை மக்கள் என்றுதான் பொருள். நம் மொழியில் ஒன்றைச் சார்ந்து வாழ்வதை 'அண்டி வாழ்தல்' என்கிறோம். இரண்டு சொல்லுக்கும் எந்த உறவும் இல்லை, தற்செயல்தான். ஆனாலும் அந்தப் பெயரை முதலில் கேட்டபோது எனக்குச் சட்டென்று மனத்தில் ஒட்டிக்கொண்டது. பாறையை அண்டி வாழ்வதுதான் அதன் பிழைப்பு முழுவதும்.

நான் முதன்முதலில் பிராச்சினா மலையிடுக்குக்குப் போனபோது இதெல்லாம் தெரியாது. மூன்று குடும்பமாகப் போயிருந்தோம். மாலை நேரம். மலையிடுக்கின் ஒரு பக்கம் உடைகற்கள் சரிந்து குவிந்து கிடக்கும் மேட்டில், சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது. "கங்காரு!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். பெரியவர்கள் ஃபோனை எடுத்துக்கொண்டு மேலே ஏறினோம். நானும் ஏறினேன். அது இரண்டு தாவில் மேலே போய், நின்று, எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறைந்தது. படம் மங்கலாக வந்தது. அது நின்றிருந்த இடத்தில் குழந்தைகளை உட்கார வைத்து இன்னொரு படம் எடுத்தோம். இருட்டும் வரை அங்கேயே இருந்தோம்.

நாங்கள் செய்தது என்ன என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. கங்காருக் குட்டி பையை விட்டு இறங்கியதும் தாயின் பின்னாலேயே ஓடித் திரியும். பாறை வாலபிக் குட்டிக்கு அது முடியாது. செங்குத்தான பாறையில் தாய்க்கு ஈடுகொடுத்துத் தாவ அதன் காலுக்கு வலு போதாது. அதனால் பையை விட்டு வெளிவந்த குட்டியைத் தாய் ஒரு வெடிப்புக்குள் ஒளித்து வைத்துவிட்டு மேயப் போகும். நேரத்துக்குத் திரும்பி வந்து பால் கொடுக்கும். நாங்கள் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கற்களுக்குக் கீழே ஒரு குட்டி இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இருந்திருந்தால் அதன் தாய் அன்று மாலை முழுவதும் மேலேயே காத்திருந்திருக்கும். இதை நினைக்கும்போதெல்லாம் இன்றும் சங்கடமாக இருக்கிறது.

அண்டுவை ஒருமுறை நிதானமாகப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். முதுகு சாம்பல், வயிறு வெள்ளை. கன்னத்தில் வெள்ளைக் கோடு, இடுப்பிலும் ஒரு வெள்ளைக் கோடு. காதும் கால்களும் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறம். நீண்ட வாலில் வளையம் வளையமாகப் பட்டைகள். இத்தனை நிறத்தோடு இருந்தாலும், அந்தச் செம்பாறையின் நிழலில் அசையாமல் உட்கார்ந்துவிட்டால் பத்தடி தூரத்தில் இருப்பதே தெரியாது. மலைச்சரிவில் யூரோ என்ற மலைக் கங்காருவும் உண்டு. அது பெரியது, வாலில் வளையம் கிடையாது. பலர் யூரோவைப் பார்த்துவிட்டு வாலபியைப் பார்த்ததாகச் சொல்வதுண்டு.

அதன் உள்ளங்காலில் சொரசொரப்பான தடித்த சதை இருக்கிறது. ஓரத்தில் விறைப்பான முடி விளிம்பு. நகம் குட்டையாக, பாறையில் வழுக்காத அளவோடு நிற்கும். கங்காருவின் வால் அடியில் தடித்து, உட்காரும்போது முட்டுக் கொடுக்கும். இதன் வாலோ சீரான உருளையாக நீண்டு, கம்பிமேல் நடப்பவர் கையில் பிடிக்கும் கழி போல வேலை செய்கிறது. தாவும்போது வாலை வளைத்து எடையை மாற்றி மாற்றிச் சமன் செய்யும். ஏறக்குறைய செங்குத்தான சுவரில் அது ஏறிப்போவதை நான் பார்த்திருக்கிறேன். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும்.

ஆனால் காலைவிடவும் வாலைவிடவும் அதை வாழ வைப்பது கல்லுக்குள் இருக்கும் நிழல்தான். அந்தப் பக்கம் ஆண்டுக்கு 250, 300 மில்லிமீட்டர் மழை வந்தாலே பெரிது, வராத ஆண்டுகளும் உண்டு. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும். அந்த வெயிலில் அண்டு பகல் முழுவதும் குகையிலோ வெடிப்பிலோ பாறை இடுக்கிலோ கிடக்கும். வெளியே கல் கொதிக்கும்போதும் உள்ளே குளிர்ச்சியும் ஈரப்பதமும் நிற்கும். அங்கே அசையாமல் கிடந்தால்தான் உடம்பின் நீர் மிஞ்சும். வெயில் சாய்ந்த பிறகு இறங்கி வந்து புல்லும் தழையும் மேயும். முடிந்த அளவு தழையிலிருந்தே நீரை எடுத்துக்கொள்ளும், தண்ணீர் கிடைத்தால் குடிக்கும். குளிர்காலக் காலையில் மட்டும் வெளியே வந்து, கிழக்கே பார்த்த திட்டில் உட்கார்ந்து வெயில் காயும். நம் ஊர்த் திண்ணையில் தாத்தாக்கள் மார்கழி வெயிலில் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும்.

நல்ல வெடிப்பு ஒன்று கிடைத்துவிட்டால் அதை லேசில் விடாது. தாய், மகள், பேத்தி என்று தலைமுறை தலைமுறையாக அதே திட்டு, அதே வழி. காலும் உடம்பும் உரசி உரசி அந்தக் கல் பளபளவென்று மெருகேறியிருக்கும். பழைய கோயில்களில் படிக்கட்டின் நடுவில் மட்டும் கல் தேய்ந்து குழிந்திருக்குமே, அப்படி. சரிவில் மெருகேறிய கல்லைப் பார்த்தால், அது யாரோ ஒருவர் வீட்டு வாசல்படி என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இனி வெள்ளாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லும்போது சிலருக்கு வருத்தமாக இருக்கும், எனக்கும் இருந்தது. பிளிண்டர்ஸ் மலையில் ஆட்டு மந்தையைப் பார்த்ததும் நமக்கு ஊர் ஞாபகம் வரும். காரை நிறுத்தி "பாரு, வெள்ளாடு!" என்று காட்டுவோம். ஆனால் அவை யாரும் மேய்க்கும் ஆடுகள் அல்ல. குடியேறியவர்கள் பாலுக்கும் இறைச்சிக்கும் கொண்டுவந்து, தப்பிப்போய், காட்டில் பெருகியவை. அண்டு தின்னும் அதே தழையை அவையும் தின்னும். வறட்சியில் இந்தப் போட்டி இன்னும் கடுமையாகும். தழையைவிட மோசமான கேடு ஒன்று உண்டு. ஆடும் பாறை ஏறும், அதற்கும் நிழல் வேண்டும். அண்டுவைப் போலப் பல மடங்கு எடையுள்ள ஆடு குகைக்குள் வந்து படுத்துவிட்டால், வாலபி வெளியேறித்தான் ஆக வேண்டும். வெயிலுக்கும் கழுகுக்கும் நரிக்கும் நடுவில் போய் நிற்க வேண்டும்.

அந்த நரியும் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான். அண்டுக் குட்டிகளை அதிகம் கொண்டுபோவது அது. குழிமுயல்கள் புல்லை வேரோடு தின்று தீர்த்தன. இவை போதாதென்று, அந்த அழகான தோலுக்காக 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆயிரக்கணக்கில் சுட்டுத் தள்ளினார்கள். 1912இல் தென் ஆஸ்திரேலியாவில் சட்டப் பாதுகாப்பு வந்தது. சுடுவது நின்றதே தவிர, கல்லும் தழையும் அதற்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

1992இல் மாநில அரசு 'பவுன்ஸ்பேக்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஒரே விலங்கைக் கூண்டில் வைத்து வளர்ப்பதை விட்டு, மலையையே சரி செய்யலாம் என்பது அதன் யோசனை. நரிக்கு 1080 என்ற நஞ்சு வைத்த இரை போட்டார்கள். ஆடுகளைப் பிடித்தும் சுட்டும் குறைத்தார்கள். துப்பாக்கி விளையாட்டுச் சங்கத்தின் தன்னார்வலர்கள் வருடா வருடம் தங்கள் விடுமுறையில் வந்து அந்த வேலையைச் செய்கிறார்கள். பக்கத்துப் பண்ணைக்காரர்களும் சேர்ந்தார்கள். 1995 அக்டோபரில் வார்டாங் தீவில் சோதனையில் இருந்த முயல் வைரஸ் ஒன்று தப்பிப் பரவி, பிளிண்டர்ஸ் பக்கம் முயல்களைப் பெருமளவு குறைத்தது. செடிகள் மூச்சுவிட அதுவும் உதவியது. 1990களின் தொடக்கத்தில் தேசியப் பூங்காவுக்குள் 50க்கும் குறைவாக இருந்த அண்டு, பிறகு 1,000ஐத் தாண்டியது. இன்று நாம் காரில் போய் நின்ற பத்தாவது நிமிடத்தில் அண்டுவைப் பார்க்க முடிகிறது என்றால், முப்பது வருடமாகப் பலர் வியர்வை சிந்தியதால்தான். இன்னமும் அது ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில்தான் இருக்கிறது. தொடர்ந்து மழை பொய்த்தால் எண்ணிக்கை மறுபடி இறங்கும். ஆடும் நரியும் பூங்கா எல்லையில் காத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

ஒரு மலையில் பாறை வாலபி அற்றுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு இன்னும் வடக்கே, மாநிலத்தின் எல்லையில் இருக்கும் அனங்கு பிட்சந்தசாரா யங்குனிசாரா நிலத்தைப் பார்க்கலாம். அங்கே வாழ்வது கருங்கால் பாறை வாலபி, அனங்கு மக்கள் மொழியில் 'வாரு'. ஒரு காலத்தில் அந்த மலைகளெங்கும் இருந்த வாரு, ஒருசில குன்றுகளில் மட்டும் மிஞ்சியது. குன்றுக்கும் குன்றுக்கும் இடையே வெட்டவெளி. பாறையை விட்டால் வாழத் தெரியாத விலங்கு அந்த வெளியைக் கடந்து, காலியான குன்றுக்குத் தானாகத் திரும்பிப் போவது மிக அரிது.

2007இல் அனங்கு மக்களும் அரசும் விலங்குக் காட்சிச்சாலையும் சேர்ந்து ஒரு மீட்புக் குழு அமைத்தார்கள். வாருக் குட்டிகளைத் தாயின் பையிலிருந்து எடுத்து, அடிலெய்ட் கொண்டுவந்து, அண்டுத் தாய்களின் பையில் வைத்தார்கள். ஆமாம், நம் மஞ்சள்கால் வாலபிதான் வளர்ப்புத் தாய். பாறை வாலபிகளுக்கு ஒரு விசேஷம் உண்டு. பையில் ஒரு குட்டி பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே வயிற்றில் அடுத்த கரு வளராமல் காத்து நிற்கும். பைக்குட்டி போய்விட்டால் அந்தக் கரு வளரத் தொடங்கும். அதனால் குட்டியைக் கொடுத்த காட்டுத் தாய்க்கும் பெரிய இழப்பு இல்லை, சீக்கிரமே அடுத்த குட்டி வந்துவிடும். அண்டுவின் பாலில் வளர்ந்த வாருக்கள் மொனார்ட்டோ விலங்குப் பூங்காவில் பெருகின. அனங்கு நிலத்தில் 97 ஹெக்டேருக்கு நரியும் பூனையும் நுழைய முடியாத வேலி போட்டு, 2011இல் அவற்றை அங்கே கொண்டுபோனார்கள். 'வாரு பிண்ட்ஜி' என்று அதற்குப் பெயர், பிண்ட்ஜி என்றால் வேலி. அந்த வேலியைச் சுற்றிவந்து காப்பவர்களில் அனங்குப் பெண்கள் முக்கியமானவர்கள். 2017இல் அங்கிருந்து வாமிட்ஜாரா என்ற குன்றில் வாருக்களைத் திறந்துவிட்டார்கள். ஒரு குன்றுக்கு வாலபியைத் திருப்பிக் கொடுக்கப் பத்து வருடம் ஆனது.

இவ்வளவு நீட்டிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஆடு செய்வதைத்தான் நாமும் சின்ன அளவில் செய்கிறோம் என்பது என் வருத்தம். நாம் யாரும் அண்டுவை அடிப்பதில்லை, துரத்துவதில்லை. பாசமாகத்தான் போகிறோம். ஆனால் அது இறங்கிவர வேண்டிய நேரத்தில் அதன் கல்லில் போய் உட்கார்ந்துகொள்கிறோம்.

போன வருடம் ஒரு குழுவைப் பார்த்தேன். யார் என்று சொல்ல வேண்டாம், நம்மைப் போன்றவர்கள்தான். சரிவில் ஒரு அண்டு நின்றதும் பிஸ்கட்டை எறிந்தார்கள், அது வந்து எடுத்தது. உடனே ரொட்டி, சிப்ஸ், பிள்ளைகள் கையிலிருந்த முறுக்கு என்று எல்லாம் போனது. கங்காரு வகை விலங்குகளுக்கு இந்த மாதிரி மாவுப் பண்டம் ஈறில் தங்கிப் புண்ணாகி, தாடை எலும்பு வரை வீங்கி அழுகும் நோயைக் கொடுக்கும். தாடை போனால் தின்ன முடியாமல் சாகும். அதோடு, மனிதரைக் கண்டால் கீழே இறங்கப் பழகிய அண்டு, நரியைக் கண்டும் அசட்டையாக நிற்கலாம், காரின் முன்னாலும் வந்து நிற்கலாம். அன்று நான் போய்ப் பேசினேன். "ஒரு பிஸ்கட்டில் என்னங்க ஆகப்போகுது?" என்றார் ஒருவர். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அன்று எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இந்த மடல் அவருக்கான பதிலும்தான்.

சரி, என்ன செய்யலாம்? மலையிடுக்கின் மண்சாலையில் சாயங்காலம் வண்டி ஓட்டாமல் இருக்கப் பாருங்கள். அண்டு கீழே இறங்கி, ஓடையைத் தாண்டி மேயப் போவது அந்த நேரத்தில்தான். ஆறு கார்கள் வரிசையாகப் போகும்போது முதல் கார் பார்த்து ஓட்டும், ஆறாவது கார் முன்னால் போகிறவரை விட்டுவிடாமல் விரட்டும். அங்கேதான் அடிபடும். வெளியே வர வேண்டியிருந்தால் சூரியன் மறைவதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள். இல்லையா, மிக மெதுவாக வாருங்கள்.

பார்க்க விரும்பினால் காரைச் சரிவுக்கு எதிர்ப்பக்கம் நிறுத்தி, இறங்காமலோ, இறங்கி ஓரமாக உட்கார்ந்தோ பாருங்கள். உடைகல் மேட்டில் ஏற வேண்டாம். பாட்டை நிறுத்திவிடுங்கள். ஒரே ஒரு தண்ணீர்க்குழி இருந்தால் மாலையில் அதன் கரையில் பாய் விரிக்க வேண்டாம், நாம் எழுந்து போகும்வரை எதுவும் குடிக்க வராது. ட்ரோன் கொண்டுபோகாதீர்கள். மாநிலப் பூங்காக்களில் அனுமதி இல்லாமல் அது பறக்கக் கூடாது. தலைக்கு மேல் கழுகு வட்டமிடும் மலையில், மேலே பறக்கும் எதுவும் அண்டுவுக்குக் கழுகுதான். நாயை வீட்டில் விட்டு வாருங்கள். பூங்காவுக்குள் அதற்கு அனுமதி இல்லை என்பது ஒரு பக்கம். நரிக்கு வைத்த 1080 இரையை உங்கள் நாய் தின்றால் பிழைக்காது, அதையும் யோசியுங்கள்.

ஒருவேளை அடிபட்ட அண்டுவைச் சாலையில் கண்டால், பத்திரமான இடத்தில் வண்டியை நிறுத்தி, பெண்ணா என்று பாருங்கள். தாய் செத்திருந்தாலும் பைக்குள் குட்டி உயிரோடு இருக்கலாம். குட்டி காம்பைக் கவ்விக்கொண்டிருந்தால் பிடித்து இழுக்காதீர்கள், வாய் கிழிந்துவிடும். துணியில் சுற்றி, இருட்டில் கதகதப்பாக வைத்து, பூங்கா ஊழியர்களிடமோ வனவிலங்கு மீட்பவர்களிடமோ ஒப்படையுங்கள். பசும்பால் கொடுக்க வேண்டாம், அதற்குச் செரிக்காது. பல இடங்களில் ஃபோன் சிக்னல் இருக்காது என்பதால் தொடர்பு எண்களை அடிலெய்டில் இருக்கும்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பயணத்தை ஏற்பாடு செய்கிற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் தனியாக ஒரு வார்த்தை. எல்லோரும் நீங்கள் சொல்வதைத்தான் கேட்கிறார்கள். எத்தனை மணிக்குப் புறப்படுவது, யார் சாம்பார் கொண்டுவருவது என்று போடும் அதே பட்டியலில், மலையிடுக்கில் எப்படி நடந்துகொள்வது என்று இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். போகும் முன் ஒரு ஞாயிறு, பிள்ளைகளை அடிலெய்ட் விலங்குக் காட்சிச்சாலைக்குக் கூட்டிப்போய் அண்டுவைக் காட்டுங்கள். அதன் கால், வால், கன்னத்துக் கோடு எல்லாம் பக்கத்தில் பார்த்துவிட்டால், மலையில் கத்திக்கொண்டு ஓட வேண்டிய அவசரம் இருக்காது. என் மகளுக்கு அப்படித்தான் ஆனது. அடுத்த தடவை போனபோது அவள்தான் எங்களை உட்கார வைத்தாள். முக்கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம், நாங்கள் வெறும் பாறை என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் ஒரு காது திரும்பியது. பிறகு இன்னொன்று. எண்ணிப் பார்த்தால் ஐந்து. அதில் ஒன்று, தாயின் பையிலிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்த குட்டி.

இந்த ஜூலையிலும் நாங்கள் போகிறோம். பிராச்சினாவில் மாலை நாலரைக்கெல்லாம் ஓடையின் இந்தப் பக்கம் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்போம். ஃபிளாஸ்க்கில் சுக்குக் காப்பி இருக்கும், பைனாகுலர் இரண்டு கொண்டுவருகிறேன். வந்து பக்கத்தில் உட்காருங்கள்.

அன்புடன்,
அடிலெய்டிலிருந்து உங்களில் ஒருவன்